குதிகாலை விடும் கட்டு

கள்ளக்குறிச்சியில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோற்போரின்மீது படிந்திருக்கும் ஈரந்தான். சுபுஹுத் தொழுகைக்கு வரும் முதியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "இன்று பனி அதிகம்" என்பார்கள். பொழுது ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் அது போன இடம் தெரியாது. மேற்கே கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் வெண்மை காட்டுவது காலை மஞ்சே அன்றி உறைந்த பனியன்று. இத்தகைய ஊரில் பிறந்து, இங்கேயே மத்ரஸாவில் முப்பது ஆண்டுகளாக அரபும் தமிழும் கற்பித்துவரும் நாம், ஐம்பத்தாறாம் வயதில், சென்ற மாசி மாதத்தில், கால்களில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு காஷ்மீரத்துப் பனிச்சரிவில் நின்றோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்க வேண்டுகிறோம். அந்தப் பலகைகளிடம் நாம் ஒரு பாடம் கேட்டு வந்திருக்கிறோம்.

அழைத்துச் சென்றவன் நம் மகன். அவனைப் பன்னிரண்டாம் வயதில் மத்ரஸாவில் சேர்த்தோம். ஏழாண்டுப் பாடத்தில் மூன்றாம் ஆண்டு நடக்கும்போது ஒரு நாள் கிதாபுகளை அடுக்கி வைத்துவிட்டு, சேலத்திலிருந்த அவன் மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். "எனக்கு இயந்திரக் கல்வி வேண்டும்" என்று மாமனிடம் சொன்னவன் நம்மிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நாம் அவனை வைத்திருக்கவும் இல்லை. பின்னர் அவன் படித்தான். நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவில் வேலையும் பெற்றான். ஆண்டுகள் பல, தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சு அவன் தாயின் வழியாகவே நடந்துவந்தது. "அத்தா நலமா?" என்று அவன் கேட்பான், "நலம் என்று சொல்" என்போம் நாம்.

இவ்வாண்டு விடுப்பில் வந்தவன், நார்வேயில் பழகிய பனிச்சறுக்கைக் காஷ்மீரத்துக் குல்மர்க்கில் பார்க்கப் போவதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்றபடியே, "அத்தா, நீங்களும் வாருங்கள்" என்றான். நாம் வாய் திறக்குமுன் அவன் தாய் அடுக்களையிலிருந்து, "இவன் இரண்டாம் முறை கேட்கிற பிள்ளை இல்லை, போய் வாருங்கள்" என்று கூறிவிட்டார். ஆகவே போனோம்.

குல் என்றால் பூ. மர்க் என்றால் புல்வெளி. பெயர் அப்படியிருக்க, நாம் கண்டது பூவுமில்லை, புல்லுமில்லை. ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். தங்மர்க் என்னும் அடிவாரத்து ஊரைக் கடந்து தேவதாரு மரங்களுக்கிடையே வளைந்து ஏறினால், கடல்மட்டத்திற்குமேல் சுமார் 2650 மீட்டர் உயரத்தில் ஒரு வெண்வெளி. தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கும் பிரன் அங்கியும், அதற்குள்ளே காங்ரி என்னும் நெருப்புச் சட்டியுமாக மக்கள் நடமாடினார்கள். அங்கே பனிச்சறுக்கு புதிய செய்தியன்று. ஆங்கில இராணுவ அதிகாரிகள் 1927இலேயே அதற்கென ஒரு சங்கம் நிறுவினார்கள். மலைமேல் ஏற்றிவிடும் கம்பி வண்டியின் முதற்கட்டம் 1998இலும் இரண்டாங்கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன.

முதல்நாள் வாடகைக்கு ஒரு சோடிப் பலகையும் பூட்ஸும் எடுத்து அணிந்தோம். எங்கும் சாதாரணமாகக் கிடைக்கும் வகை அது. விரலும் குதிகாலும் ஒருங்கே பலகையில் பூட்டப்படும். பூட்ஸோ கணுக்காலுக்குமேல் அரை முழம் உயர்ந்த கெட்டிப் பிளாஸ்டிக். அணிந்து எழுந்தபோது யாரோ நம் பாதங்களைச் சிமிட்டியில் நட்டுவிட்டதுபோல் இருந்தது. அன்று பதினொரு முறை விழுந்தோம். எண்ணிச் சொன்னவன் ஒரு காஷ்மீரச் சிறுவன்.

அவ்வேளையில் நமக்கு ஒரு கிதாபுப் பாடம் நினைவுக்கு வந்தது. ஒளுவின்போது காலைக் கழுவுவதற்குப் பகரமாகத் தோலுறைமேல் ஈரக் கையால் தடவும் சலுகையை, உள்ளூரில் இருப்பவனுக்கு ஒரு பகலும் இரவும், பயணிக்கு மூன்று பகலும் இரவும் என்று, முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். தோலுறையே அணியாத ஊரில், வெறுங்காலுடன் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு! அது கணுக்காலை மூட வேண்டும், அதை அணிந்து தொடர்ந்து நடக்க இயல வேண்டும் என்பன நிபந்தனைகள். ஹனபீ நூலோர் ஒரு பர்ஸக், அதாவது மூன்று மைல், என்று அளவும் சொல்வர். அந்த வாடகைப் பூட்ஸில் நாம் மூன்று மைல் அன்று, முப்பது அடி நடக்கவும் இயலவில்லை. நிபந்தனையின் காரணம் அன்றுதான் நமக்கு உடம்பால் விளங்கியது.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் மகன் தன் பலகைகளை வெளியே எடுத்தான். பயணப் பெட்டியை எடைபோட வைத்திருந்த சிறு தொங்குதராசில், நாம் அணிந்திருந்தவற்றையும் தன்னுடையவற்றையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டுக் காட்டினான். நம் ஒரு காலுக்குரிய பலகை, கட்டு, பூட்ஸ் மூன்றும் சேர்ந்து ஐந்து கிலோவுக்கு மேல். அவனுடையவை மூன்றரைக் கிலோவுக்குள். "ஒன்றரைக் கிலோதானே?" என்றோம். "அத்தா, மலையேறுகிறவர்கள் காலில் ஏறிய ஒரு கிலோ முதுகில் ஏறிய ஐந்து கிலோவுக்குச் சமம் என்பார்கள். ஒவ்வோர் அடியிலும் அதைத் தூக்கி முன்னே வைக்க வேண்டுமல்லவா?" என்றான்.

இது நமக்குப் புதிதன்று. சிறுவயதில் நம் அத்தாவுடன் கச்சிராயபாளையத்து வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறியிருக்கிறோம். மலையாளிப் பழங்குடி மக்கள் கடுக்காயும் புளியும் தலைச்சுமையாகக் கொண்டு, வெறுங்காலுடன் இறங்கி வருவார்கள். நாமோ கீழே வாங்கிய கனத்த தோல் செருப்புடன் மூச்சு வாங்கி நிற்போம். ஒரு மலைவாசிப் பெரியவர் நம்மைப் பார்த்து, "தம்பி, தலையில சுமக்கலாம், கால்ல சுமக்கக்கூடாது" என்று சொல்லிச் சென்றார். ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆனால், மகனுடைய பலகையில் நம்மைக் கவர்ந்தது எடை மட்டுமன்று, கட்டு. அதில் பூட்ஸின் விரல்முனை மட்டுமே பலகையோடு பிணைந்திருந்தது. குதிகால் தன் விருப்பப்படி எழுந்து இறங்கியது. இதற்கு டெலிமார்க் முறை என்று பெயர். டெலிமார்க் என்பது நார்வேயின் ஒரு மாநிலம். அங்கே மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825இல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் என்பவர் ஓர் ஏழைக் குடியானவர். அக்காலத்தில் விரலுக்கு ஒரு வார் மட்டுமே இருந்தது. துள்ளினால் பலகை கழன்றுவிடும். அவர் நாணல்போல் வளையும் மரக்கொடியை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகை கழலவுமில்லை, குதிகால் எழுவதும் தடைப்படவில்லை. ஒரு காலை முன்வைத்து, பின்காலின் குதியை உயர்த்தி, முழங்காலை மடக்கித் திரும்பும் முறை அந்தக் கட்டினால் செழித்தது. 1868இல், நாற்பதைக் கடந்த வயதில், தலைநகரில் நடந்த போட்டியில் இளைஞர்களை அவர் வென்றார். 1884இல் பிழைப்புக்காக அமெரிக்கா சென்று, 1897இல் அங்கேயே மண்ணுக்குள் போனார்.

அவருக்குப்பின் கட்டுகள் பல வந்தன. 1927இல் புரோர் வித் என்னும் நார்வேக்காரர் பூட்ஸின் விரல்முனையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கட்டைச் செய்தார். அதன் பெயர் 'ரொட்டெஃபெல்லா', அதாவது எலிப்பொறி. பின்னர் குதிகாலைச் சுற்றிக் கம்பிவடம் வந்தது. உறுதி கூடியது, எடையும் கூடியது. 1980களில் ஆஸ்திரிய நாட்டு ஃபிரிட்ஸ் பார்தெல், பூட்ஸின் முனையில் இரு பக்கமும் சிறு குழிகள் வைத்து, இரண்டு எஃகு முளைகள் அவற்றில் அமரும்படி ஓர் எளிய கட்டைக் கண்டுபிடித்தார். அது குதிகாலைப் பூட்டி இறங்குவோருக்காகச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் டெலிமார்க்காரர்கள் அதன் முன்பகுதியை எடுத்து, பின்னே ஒரு வில்சுருளை இணைத்துக்கொண்டனர். ஏறும்போது சுருளைக் கழற்றிவிட்டால் பாதம் கதவுக்கீல்போல் தடையின்றி மடங்கும். இறங்கும்போது மாட்டிக்கொண்டால் குதிகால் எழும், ஆனால் சுருள் அதை மெல்ல இழுத்து வைக்கும். நம் மகன் வைத்திருந்தது இவ்வகை.

அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. பழைய பள்ளிவாசல்களில் ஹவுளுக்கு அருகே மரத்தாலான மிதியடிகள் கிடக்குமே, அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பலகை, விரல்களின்மேல் ஒரு ரப்பர் வார், குதிகாலுக்கு ஒன்றுமில்லை. நடக்கும்போது டக் டக் என்று குதி எழுந்து விழும். அதை அணிந்து ஈரத் தரையில் சறுக்கி விளையாடி, மோதினாரிடம் காதைத் திருகக் கொடுத்த தலைமுறை நாம். "நார்வேக்காரனுக்கு முன்பே இது நமக்குத் தெரியும்" என்றோம். மகன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் நம்முன் அப்படிச் சிரித்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம்.

நம் பங்குக்கு நாமும் அவனுக்கு ஒன்று சொன்னோம். கிரானடாவில் பிறந்த அபூ ஹாமித் அல்-கர்னாத்தி 12ஆம் நூற்றாண்டில் வோல்கா நதிக்கரையிலிருந்த புல்கார் நகரம்வரை சென்றவர். அதற்கும் வடக்கே பனி விலகாத நாட்டுக்குச் செல்வோர் காலில் கட்டும் பலகைகளைத் தம் பயண நூலில் வருணித்திருக்கிறார். பலகை ஒரு பாகம் நீளம், ஒரு சாண் அகலம்; முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும்; நடுவே பாதம் வைக்கும் இடத்தில் தோல்வார்கள்; இரு பலகைகளையும் இணைத்துக் குதிரையின் கடிவாளம்போல் ஒரு வார் இடக்கையில்; வலக்கையில் ஓர் ஆள் உயரக் கோல். நம் மகன் வியந்துபோனான். "இது எந்தக் கிதாபில் இருக்கிறது, அத்தா?" என்று கேட்டு, பெயரைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டான். மூன்றாம் ஆண்டில் கிதாபை அடுக்கி வைத்தவன் தானே ஒரு கிதாபின் பெயரைக் கேட்டான்.

மறுநாள் அவனுடைய பூட்ஸை நாம் அணிந்தோம். நம் கால் அளவும் அவன் கால் அளவும் ஒன்று. விரல்மடிப்பில் துருத்திபோல் மடிப்புகள் வைத்த பூட்ஸ் அது. அணிந்து அறைக்குள் நடந்தோம், படியிறங்கினோம், தெருவிலும் நடந்தோம். கிதாபின் நிபந்தனை நிறைவேறும் என்றே தோன்றியது. எனினும் தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டினான். முன்காலத்தில் கடல்நாயின் தோல். இன்று ஆட்டு ரோமமும் நைலானும் கலந்த நெய்வு. ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், எதிராகத் தடவினால் தடுக்கும். அதுபோலப் பலகை முன்னே நழுவும், பின்னே சறுக்காது. தேவதாரு மரங்களின் ஓரமாக, பனிச்சரிவு அபாயமில்லாத தாழ்ந்த மேட்டில், மகன் நடந்து முன்செல்ல நாம் பின்தொடர்ந்தோம். காலைத் தூக்க வேண்டியதில்லை; குதிகாலை எழவிட்டுப் பலகையை முன்னே தள்ளினால் போதும். முந்தைய நாள் முப்பது அடிக்குத் திணறிய நாம் அரை மணி நேரம் நிற்காமல் ஏறினோம். பாரம் குறைந்ததைவிட, அடி எடுத்துவைக்கும் உரிமை காலுக்குத் திரும்பக் கிடைத்ததே அதன் சுகம்.

இறங்குவதுதான் சோதனை. குதிகால் பூட்டப்பட்டவன் பின்னோ முன்னோ சாய்ந்தால் பலகை ஓரளவு தாங்கும். விடப்பட்டவனுக்குத் தன் முழங்காலே துணை. முன்கால் முழுப்பாதம் ஊன்றி, பின்கால் விரல்களில் நிற்க வேண்டும். அந்த விரல்மடிப்பு நமக்கு அந்நியமில்லை. தொழுகையின் இருப்பில் வலப்பாதத்தை நட்டு விரல்களை மடக்கி அமர்வது ஐம்பதாண்டுப் பழக்கம். ஆனால் முழங்கால் நம்முடையதாக இல்லை. நான்கு முறை விழுந்தோம். மூக்கில் பனி ஏறியது.

நாம் கவனித்தது மகனை. நாமாக இருந்தால் மாணவனின் தோளைப் பிடித்து, "இப்படி நில், அப்படி வளை" என்று திருத்திக்கொண்டே இருந்திருப்போம். அவன் கைக்கெட்டும் தொலைவில் நின்றான், தொடவில்லை. விழுந்தபோது, "அடிபட்டதா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றதும் எழும்வரை காத்திருந்தான். ஐந்தாம் முறை, இடப்பக்கமாக ஒரே ஒரு வளைவு, விழாமல் திரும்பினோம். "மாஷா அல்லாஹ்" என்ற குரல் மேலேயிருந்து வந்தது.

இலேசான கருவியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இறுகிய பனியில் அது நடுங்குகிறது. கனத்த பலகை கலங்காமல் வெட்டிச் செல்லும் இடத்தில் இது துள்ளுகிறது. சிறு பாகங்கள் மிகுதி. மலைமேல் ஒன்று உடைந்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான் என்று மகன் உதிரி முளைகளையும் திருகாணிகளையும் பையில் வைத்திருந்தான். கம்பி வண்டியில் ஏறி இறங்க மட்டும் விரும்புவோருக்குக் கனத்ததே ஏற்றது. தன் காலால் ஏறி, தன் காலால் இறங்க நினைப்பவனுக்கே இது.

அன்றிரவு காங்ரியை நடுவில் வைத்து அமர்ந்திருந்தோம். மகன் கட்டிலிருந்த ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நாம் பல நாள் உருட்டிவைத்திருந்த சொல்லை அப்போது சொன்னோம்: "தம்பி, உன்னை நாம் குதிகாலோடு சேர்த்துப் பூட்டிவிட்டோம்." அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "விரல்முனை இன்னும் கட்டித்தான் இருக்கிறது, அத்தா" என்றான். பின்பு இருவரும் இஷாவுக்கு எழுந்தோம்.

ஊர் திரும்பி, அவன் ஆஸ்லோவுக்குப் புறப்படுமுன், கல்வராயன் மலையின் பழைய ஒற்றையடிப் பாதையொன்றில் இருவரும் ஏறினோம். காலில் அவன் வாங்கித் தந்த இலேசான துணிக் காலணி. பாதி வழியில் புளிச்சுமையுடன் ஒரு மலைப்பெண் வெறுங்காலுடன் நம்மைக் கடந்து மேலேறிப் போனார். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எடைக் கணக்கு அதற்குமேல் பேசவில்லை.

சென்ற மாதம் மத்ரஸாவில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், பகலில் பாலிடெக்னிக்கில் சேர விரும்புவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். முன்பானால் அவன் தந்தைக்கு ஆள் அனுப்பியிருப்போம். இம்முறை, "சுபுஹுக்குப்பின் ஒரு மணி நேரப் பாடத்துக்கு மட்டும் தவறாமல் வா, பகல் உன்னுடையது" என்றோம். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தான். மூன்றாம் வாரம் ஒரு நாள் வரவில்லை. ஆள் அனுப்பக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டோம். மறுநாள் விடியலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நமக்கு முன்பாகவே வந்து கிதாபை விரித்து அமர்ந்திருந்தான்.